கையெழுத்துப் போடாமல் இருப்பதும் ஓர் அதிகாரமா?

துவாரகா வாசகர் | 9 ஏப்ரல் 2025, காலை 8.10

நேற்றிலிருந்து இங்கே டெல்லித் தமிழர்கள் எல்லாரும் லட்டு கொடுக்காத குறை. தமிழ்நாடு ஆளுநர் கையெழுத்துப் போடாத 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டே நீதிபதிகள். அவர்கள் யாரிடம் ஓட்டு வாங்கினார்கள்? அரசாங்கத்துக்குக் கடிவாளம் போடுகிறேன் என்று வந்தவர் குதிரை மேலேயே ஏறி உட்கார்ந்தால் அவருக்கு யார் கடிவாளம் போடுவது? கையெழுத்துப் போடாமல் இருப்பது ஆளுநருக்கு உள்ள அதிகாரம்தானே? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மீம் வேண்டாம்.

பழைய ஸ்டெனோ, மயூர் விஹார் | 9 ஏப்ரல் 2025, இரவு 10.40

நான் வக்கீல் இல்லை. 31 வருஷம் உச்ச நீதிமன்ற வக்கீல் ஒருவரிடம் ஸ்டெனோவாக இருந்தவன். சட்டம் என் விரல் வழியாகத்தான் போனது, தலையில் எவ்வளவு தங்கியது என்பது வேறு விஷயம். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

முதலில் ஓட்டு விவகாரம். நீதிபதிகள் ஓட்டு வாங்கவில்லை, சரி. ஆளுநர் வாங்கினாரா? இந்தக் கதையில் ஓட்டு வாங்கி வந்தது சட்டமன்றம் மட்டும்தான்.

அரசியல் சாசனத்தின் 200-வது பிரிவு சின்னது. மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்புவதானால் 'கூடிய விரைவில்' அனுப்ப வேண்டும். சட்டமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது.

சென்னையில் நடந்தது இது. 2023 நவம்பர் 13-இல் ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி மசோதாக்களைத் திருப்பினார். 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு சட்டமன்றம் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவர் அத்தனையையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அந்த அனுப்பல் செல்லாது என்பதுதான் நேற்றைய தீர்ப்பின் அடிவேர். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் கூடவே கெடுவும் வைத்தார்கள்: இதற்கு ஒரு மாதம், அதற்கு மூன்று மாதம் என்று.

'கூடிய விரைவில்' என்பதற்குக் காலண்டர் கிடையாது. முனிர்காவில் குடியிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர் பாத்ரூம் கசிவை 'ஜல்தி' சரிசெய்வதாகச் சொன்னார். நாங்கள் காலி செய்யும்போது புதுக் குடித்தனக்காரரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய ஸ்டெனோ | 10 ஏப்ரல் 2025, காலை 6.55

"12 மசோதா இல்லையா சார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் சரி. அரசு அனுப்பியது 12. இரண்டை ஆளுநர் முதலிலேயே குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவிட்டார், திரும்பி வந்தது 10. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அவற்றில் மிகப் பழையது 2020 ஜனவரியில் போனது. அப்போது ஆளுநரும் வேறு, ஆளும் கட்சியும் வேறு. எல்லாத் தூசியும் ஒருவர் மேஜையில் விழுந்தது இல்லை.

பழைய ஸ்டெனோ | 11 ஏப்ரல் 2025, மதியம் 1.20

நேற்று முன்தினம் தேதியைப் பார்த்தபோதே ஏதோ உறுத்தியது, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. 1951-லும் ஏப்ரல் 9-ஆம் தேதி ஒரு தீர்ப்பு வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்றார்கள். 14 சீட்டில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த உத்தரவு. வழக்குப் போட்ட அம்மாள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தனிக் கூத்து. தீர்ப்பிலேயே அது இருக்கிறது.

கோர்ட்டுக்கு யார் கடிவாளம் என்ற கேள்விக்கு முதல் பதில் அங்கேயே கிடைத்தது. பெரியார் தெருவில் இறங்கினார், தமிழ்நாடே கொதித்தது, இரண்டு மாதத்தில் நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்திவிட்டது. பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிறந்தது. கூடவே ஒன்பதாவது அட்டவணையும் வந்தது. அதற்குள் போட்ட சட்டத்தைக் கோர்ட் தொட முடியாது என்று வைத்துக்கொண்ட இரும்புப் பெட்டி அது.

ஆக கோர்ட் வெட்டினால் நாடாளுமன்றம் ஒட்டும். இந்த ஆட்டம் 22 வருஷம் ஓடியது. 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்து, ஒட்டலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-க்கு 6. நூலிழை. வழக்குப் போட்டவர் காசர்கோடு எடநீர் மடத்துச் சாமியார், மடத்து நிலத்துக்காகத்தான் வந்தார். அவருக்கென்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் நமக்கு.

மறுநாளே அரசு பதில் சொல்லிவிட்டது. ஷெலத், ஹெக்டே, குரோவர் என்று மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதி. மூவரும் ராஜினாமா செய்தார்கள். கடிவாளம் எப்போதும் ஒரே கையில் இருப்பதில்லை, துவாரகாக்காரரே. இழுபறிதான்.

பழைய ஸ்டெனோ | 11 ஏப்ரல் 2025, இரவு 11.30

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், வேண்டுமென்றே விட்டேனோ என்று இப்போது சந்தேகம். அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் போய் உட்கார்ந்தது. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு பெட்டிக்குள் போனதையும் திறந்து பார்ப்போம் என்றார்கள். கோயல்ஹோ வழக்கு. அதுவும் நம்ம கூடலூர் எஸ்டேட் நிலத்தில் ஆரம்பித்ததுதான்.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம், சரோஜினி நகரில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் "நீதிபதிகளுக்கு என்ன திமிர்" என்று பேசியது ஞாபகம் இருக்கிறது. அதே வாயால்தான் இந்த செவ்வாய்க்கிழமை "அரசியல் சாசனம் வென்றது" என்றேன். கத்தி நம்ம பக்கம் வெட்டினால் ஒரு பெயர், எதிர்ப்பக்கம் வெட்டினால் இன்னொரு பெயர்.

பழைய ஸ்டெனோ | 13 ஏப்ரல் 2025, காலை 9.15

தீர்ப்பின் 415 பக்கத்தையும் போனில் படிக்கப் பார்த்தேன். கண்தான் போச்சு. அதற்குள் தமிழ்நாடு அரசு பத்துச் சட்டங்களையும் கெஜட்டில் போட்டுவிட்டது. கையெழுத்தே இல்லாத சட்டங்கள். ஒவ்வொரு ரிட் மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று 31 வருஷம் சரிபார்த்தவன் நான். ஒரு பக்கத்தில் விட்டாலும் ஃபைலிங் கவுண்டரில் டிஃபெக்ட் போட்டுத் திருப்புவார்கள். அதனால் ஒரு நடுக்கம் வருகிறது, பொய் சொல்லவில்லை.

சொந்தக் கதை ஒன்று. அப்பா 2006-இல் போனார். அவர் பெயரில் இருந்த ஃபிளாட்டை என் பெயருக்கு மாற்ற 2007-இல் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, எல்லாமே ஒன்றுதான். ஃபைல் 14 மாதம் அசையவில்லை. போகும்போதெல்லாம் 'சாப் மீட்டிங்கில் இருக்கிறார்'. எங்கள் சீனியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அவர்கள் மறுத்திருந்தால் அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லலாம். உன்னிடம் உத்தரவே இல்லையே, எதை ரத்து செய்வது?"

வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அன்றுதான் உறைத்தது. கோர்ட் என்பது எழுதியதைக் கிழிக்கிற இடம். எழுதாமல் வைத்திருப்பவனை அதற்குப் பிடிக்கத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். எழுதாமல் வைத்திருப்பதும் ஒரு செயல், அதற்கும் கணக்குச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள்.

(ஃபைல் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பிறகு சொல்கிறேன், தோசை தீய்கிறது.)

பழைய ஸ்டெனோ | 18 ஏப்ரல் 2025, மாலை 6.05

குடியரசுத் துணைத் தலைவரின் நேற்றைய பேச்சை ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பத்து மசோதாவுக்கு ஒப்புதல் ஆனதாகச் சொல்லக் கோர்ட் கையில் எடுத்த 142-வது பிரிவு அணு ஏவுகணையாம். அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: தன் முன் உள்ள வழக்கில் முழு நீதி செய்யத் தேவையான உத்தரவை உச்ச நீதிமன்றம் போடலாம்.

பேரறிவாளன் விடுதலை அந்தப் பிரிவில்தான் வந்தது, 2022 மே 18. அமைச்சரவை விடுதலை செய்யச் சொன்னது 2018 செப்டம்பரில். அன்றைய ஆளுநர் 2021 ஜனவரி வரை முடிவெடுக்கவில்லை, பிறகு குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். மசோதா காத்திருந்தால் தூசி படியும். இங்கே காத்திருந்தது 1991-இல் உள்ளே போன ஓர் ஆள். வழக்கின் மற்ற விஷயங்களில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும், இந்த இழையில் அதைக் கிளற வேண்டாம். ஒரு தாளின் மேல் இரண்டு வருஷத்துக்கு மேல் உட்காரலாமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

பழைய ஸ்டெனோ | 20 ஏப்ரல் 2025, மதியம் 3.30

"கோர்ட் இருக்கும்வரை பயமில்லை" என்று ஆர்.கே.புரம் தம்பி ஒருவர் இதயம் போட்டிருக்கிறார். தம்பி, கொஞ்சம் இரு.

1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் விடிகாலையில். எவ்வளவு சுறுசுறுப்பான கையெழுத்து பாருங்கள். விசாரணை இல்லாமல் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே போனவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். 9 உயர் நீதிமன்றங்கள், மனுவைக் கேட்போம் என்றன. 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் அவற்றைக் கவிழ்த்தது. நெருக்கடி நிலை முடியும்வரை யாரும் தன் சிறைவைப்பை எதிர்த்துக் கேட்க முடியாது. மாறாக எழுதியவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். அதற்குக் கூலியாக அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி நாற்காலி அவரைத் தாண்டிப் போனது.

நமக்கு மிசா என்பது பாடப்புத்தகச் சொல் இல்லை. சென்னை மத்திய சிறையில் நடந்ததைப் பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. என் பெரியப்பா வீட்டில் அந்தக் காலத்தில் ரேடியோவைக் கூடச் சத்தமாக வைக்க மாட்டார்கள். பிறகு நாடாளுமன்றம்தான் 1978-இல் 44-வது திருத்தம் கொண்டுவந்து, உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாது என்று எழுதிவைத்தது. பிரகடனத்துக்கு அமைச்சரவை முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடலாம் என்பதும் அதில்தான் வந்தது. கோர்ட் கோட்டைவிட்டதை நாடாளுமன்றம் கட்டிக்கொடுத்த கதை அது.

1976 தீர்ப்பு தப்பு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆகஸ்ட் ஆனது. அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். ரத்து செய்து எழுதியவர் அவருடைய பிள்ளை. 41 வருஷம்.

பழைய ஸ்டெனோ | 22 ஏப்ரல் 2025, காலை 7.00

துவாரகாக்காரர் நியாயமாகவே கேட்கிறார்: "அப்படியானால் கோர்ட்டால் என்ன பிரயோசனம், எல்லாம் லேட்டாகத்தானே வருகிறது?"

ஆமாம், லேட்தான். கர்நாடகத்தில் முதல்வர் பொம்மையின் ஆட்சியை 1989-இல் கலைத்தார்கள். பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் எண்ண வேண்டும், ராஜ்பவனில் அல்ல என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது 1994-இல். பொம்மைக்கு நாற்காலி திரும்பவில்லை. 2005-இல் பீகார் சட்டமன்றத்தைக் கலைத்த உத்தரவில் நம்ம கலாம் மாஸ்கோவிலிருந்து கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். அது செல்லாது என்று பிறகு தீர்ப்பு வந்தது, ஆனால் அதற்குள் தேர்தல் அறிவிப்பே வந்துவிட்டது.

ஆனால் பொம்மைக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பலன் உண்டு. 1976, 1980, 1991 என்று தமிழ்நாட்டில் ஆட்சிக் கலைப்பு பொங்கல் மாதிரி ஜனவரி-பிப்ரவரியில் வந்துகொண்டிருந்தது. 1994-க்குப் பிறகு தமிழ்நாட்டில், ஆட்சியைக் கலைக்கும் அந்த 356-வது பிரிவு வரவே இல்லை. முதல் ஆளுக்கு மருந்து கிடைப்பதில்லை. அடுத்தவர்களுக்குத் தடுப்பூசி ஆகிறது.

பழைய ஸ்டெனோ | 15 மே 2025, இரவு 9.50

குடியரசுத் தலைவர் 143-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்திடம் 14 கேள்வி கேட்டிருக்கிறார். சாசனத்தில் இல்லாத கெடுவைக் கோர்ட் வைக்கலாமா என்பதுதான் சாரம். துவாரகாக்காரரே, உங்கள் கேள்வி ராஷ்டிரபதி பவன் வரை போய்விட்டது. வாழ்த்துகள்.

டெல்லி வெயிலில் மூளை வேலை செய்யவில்லை. மற்றது பிறகு.

பழைய ஸ்டெனோ | 2 ஜூன் 2025, இரவு 12.15

தூக்கம் வரவில்லை. நேற்று ஜங்புரா மதராசி கேம்ப்பை இடித்துவிட்டார்கள். பாராபுல்லா நாலாவை (கழிவுநீர்க் கால்வாய்) ஒட்டிய சுமார் 370 வீடுகள். வீட்டு வேலை, சமையல், டிரைவர் என்று டெல்லியின் பாதி வீடுகளை நடத்திய தமிழர்கள். எங்கள் சீனியர் வீட்டில் சமைத்த அக்கா அங்கேதான் இருந்தார், விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். போன் செய்தேன். "புல்டோசர் வந்துச்சு சார்" என்பதற்கு மேல் பேச முடியவில்லை.

இந்த இழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. 2024 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் புல்டோசருக்குக் கடிவாளம் போட்டது. கவாய், விஸ்வநாதன் பெஞ்ச். இடிக்கும் முன் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், மீறினால் அதிகாரி தன் கைக்காசில் கட்டித்தர வேண்டும். நானே அதை நாலு குரூப்பில் போட்டேன். அக்காவுக்கும் அனுப்பினேன், இனிமேல் பயப்படாதீர்கள் என்று.

முழுதாகப் படிக்காமல் அனுப்பிவிட்டேன். அதிலேயே விலக்கு இருக்கிறது: சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள கட்டுமானத்துக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்னதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மதராசி கேம்ப் நாலா ஓரம். இடிக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது, நாலாவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது காரணம். காரணம் பொய் இல்லை, அந்தப் பக்கம் ஜூலையில் போனவர்களுக்குத் தெரியும். தகுதி உள்ளவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட். எல்லாருக்கும் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்தவர்களுக்கும் நரேலா எங்கே, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி எங்கே? டெல்லியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும்.

1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அழகாக எழுதினார்கள். அதே தீர்ப்பில் நடைபாதையைக் காலி செய்யலாம் என்றும் எழுதினார்கள். இரண்டையும் நான் டைப் அடித்திருக்கிறேன், மேற்கோளாக, எத்தனையோ மனுக்களில். அடிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை.

துவாரகாக்காரரே, கோர்ட்டுக்கு யார் கடிவாளம் என்று ஏப்ரலில் கேட்டீர்கள். நான் 1951-ஐச் சொல்லிச் சமாளித்தேன். இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய ஸ்டெனோ | 4 ஜூன் 2025, காலை 8.20

அக்கா பெயர் தகுதிப் பட்டியலில் இருக்கிறதாம். விவரம் கேட்டவர்களுக்காக இது.

பழைய ஸ்டெனோ | 25 ஜூன் 2025, மாலை 7.40

நெருக்கடி நிலைக்கு 50 வருஷம். எல்லா டிவியிலும் கறுப்பு வெள்ளைப் படம்.

இன்று வேறு ஒருவரை நினைத்துக்கொண்டேன். 1991 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க மத்திய அரசுக்கு ஆளுநர் அறிக்கை தேவைப்பட்டது. சுர்ஜித் சிங் பர்னாலா தர மறுத்தார். 356-வது பிரிவில் 'ஆளுநரின் அறிக்கை கிடைத்தோ வேறு வகையிலோ' என்று ஒரு வார்த்தை ஒளிந்திருக்கிறது. அந்த 'வேறு வகை' வழியாகக் கலைத்தார்கள். ஆனால் பர்னாலா கையெழுத்து அதில் இல்லை.

இந்த இழையின் தலைப்பை நான் ஏப்ரலிலிருந்து ஒரே பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறேனோ?

பழைய ஸ்டெனோ | 12 செப்டம்பர் 2025, இரவு 10.10

குடியரசுத் தலைவரின் 14 கேள்வி மீதான விசாரணை நேற்று முடிந்து தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டார்கள். பத்து நாள் வாதம். ஒருநாள் பழைய பாசம் இழுத்துப் போய்ப் பார்த்தேன். பிரகதி மைதான் ஸ்டேஷனுக்கு இப்போது 'சுப்ரீம் கோர்ட்' என்றே பெயர். என் காலத்தில் பஸ்ஸில் நசுங்கிப் போனோம். பகவான் தாஸ் ரோடு டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ரிட்டயர் ஆகியும் தாரீக் (வாய்தா) வாங்க வருகிறீர்களா?" என்றார்.

ஜூன் மாதம் தொண்டையில் நின்றதை இப்போது எழுதுகிறேன். 1986-இல் ராஜீவ் அரசு தபால் சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தது. ஜனங்களின் கடிதத்தை அரசாங்கம் பிரிக்க வகைசெய்கிற மசோதா. இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மேஜையில் அப்படியே வைத்துவிட்டார். திருப்பி அனுப்பியிருந்தால் அன்றைய பெரும்பான்மைக்கு மறுபடி நிறைவேற்ற ஒரு மத்தியானம் போதும், பிறகு அவர் போட்டுத்தான் ஆக வேண்டும். கலாம் 2006-இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பினார், அவர்கள் மறுபடி அனுப்பினார்கள், அவர் போட்டார். நடைமுறை அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் நான் டெல்லி வந்து வேலையில் சேர்ந்தேன். அப்பா அம்மாவுக்கு வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர். அதை யாரும் சட்டப்படி பிரிக்காமல் இருந்ததற்கு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தது காரணம். மூன்று மாதக் கெடு அன்றைக்கு இருந்திருந்தால்?

குடியரசுத் தலைவர் வேறு, ஆளுநர் வேறு என்று வாதிடலாம். ஆளுநரை நியமிப்பது மத்திய அரசு, அதனால் அவர் சும்மா இருப்பதில் வேறொருவர் கை இருக்கலாம் என்றும் சொல்லலாம். சொல்கிறேன். ஆனால் ஏப்ரலில் இருந்த தெம்போடு சொல்லவில்லை.

பழைய ஸ்டெனோ | 20 நவம்பர் 2025, மதியம் 2.45

வந்துவிட்டது. ஐந்து நீதிபதிகள், ஒருமனதாக. கெடு வைக்க முடியாது. கோர்ட்டே ஒப்புதல் ஆனதாக வைத்துக்கொள்வதும் கூடாது. அதே சமயம் ஆளுநர் மசோதாவைத் திருப்பாமல் சும்மா முடக்கவும் கூடாது. காரணமே சொல்லாமல் நீண்ட நாள் உட்கார்ந்தால், 'ஏதாவது ஒரு முடிவெடு' என்று மட்டும் கோர்ட் சொல்லலாம். என்ன முடிவு என்று சொல்லாது.

துவாரகாக்காரர் லட்டு கேட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். பாதி லட்டு உண்டு, சார். மீதிப் பாதி எனக்கு. 'போடாமலே இருப்பேன்' என்பதை அவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய ஸ்டெனோ | 20 நவம்பர் 2025, இரவு 11.00

மறுபடி படித்தேன். 'ஏதாவது ஒரு முடிவெடு.' எனக்கு இந்த வாசகம் நன்றாகத் தெரியும். ஏப்ரல் 13-இல் பாதியில் விட்ட ஃபைல் கதையை ஆர்.கே.புரம் தம்பி ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதோ.

2008-இல் எங்கள் சீனியர் உயர் நீதிமன்றத்தில் எனக்காக ரிட் போட்டார். அரசுத் தரப்பு வக்கீல், பரிசீலனையில் இருக்கிறது என்றார். இரண்டு வரியில் உத்தரவு: நான்கு வாரத்துக்குள் முடிவெடுக்கவும். ஐட்டம் கூப்பிட்டு முடிய மூன்று நிமிஷம் ஆகவில்லை. நான் வெளியே வந்து எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

27-ஆவது நாள் முடிவு வந்தது. மறுப்பு. ஒதுக்கீட்டுத் தாளில் உள்ள அப்பா கையெழுத்தும் நாமினேஷன் தாளில் உள்ள கையெழுத்தும் பொருந்தவில்லையாம். ஒன்று 1982-இல் போட்டது, இன்னொன்று பக்கவாதம் வந்த பிறகு.

சமோசாக் காசு தண்டம் என்று அன்றைக்கு நினைத்தேன். சீனியர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "இப்போது உன்னிடம் ஒரு தாள் இருக்கிறது" என்றார்.

பழைய ஸ்டெனோ | 21 நவம்பர் 2025, காலை 6.30

ஏப்ரல் 13-இல் 'எழுதாமல் வைத்திருப்பவனைக் கோர்ட்டுக்குப் பிடிக்கத் தெரியாது' என்று எழுதினேன். திருத்தம்: பிடிக்கத் தெரியும், லேசாக. காதைத் திருகி 'எழுது' என்று சொல்லத் தெரியும். அவன் கையைப் பிடித்துத் தானே எழுதுவது ஏப்ரல் பெஞ்ச் செய்தது. அது வேண்டாம் என்கிறது நவம்பர் பெஞ்ச். பத்து மசோதாவை நினைத்தால் எனக்கு ஏப்ரல்தான் பிடிக்கிறது. ஜெயில் சிங்கை நினைத்தால் நவம்பர். அந்தக் காதுத் திருகலுக்கும் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு மாநில அரசு பகவான் தாஸ் ரோட்டில் வந்து நிற்க வேண்டுமா என்பதற்கு மட்டும் இந்தக் கருத்தில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அக்கா இப்போது நரேலாவில் இருக்கிறார். வேலைக்கு ஜங்புரா வர இரண்டு பஸ் மாற வேண்டும். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சார், ஓடணுமே" என்றார்.

பழைய ஸ்டெனோ | 23 நவம்பர் 2025, மாலை 5.15

"மறுப்பு உத்தரவை எதிர்த்து ஜெயித்தீர்களா அண்ணே?" என்று மூன்று பேர்.

இரண்டாவது ரிட் போட்டோம். அது கோர்ட்டின் வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2011-இல் அந்த அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். மதுரையில் படித்தவராம், என் பெயரைப் பார்த்து உட்காரச் சொன்னார். ஃபைலைப் பத்து நிமிஷம் புரட்டினார். பக்கவாதம் வந்ததற்கான ஆஸ்பத்திரிச் சீட்டு உள்ளேயே இருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா என்றார். மேஜையில் பேனா தேடினார், இல்லை. நான் என் பேனாவைக் கொடுத்தேன். போட்டுவிட்டு அதைத் தன் பையில் செருகிக்கொண்டார். நான் கேட்கவில்லை.